93டி என்னும் புடைப்பு: செல் நெருக்கடியும் சுபாஷ் லக்கோட்டியாவின் ஆய்வுகளும்

பழ ஈக்கு 37 டிகிரி செல்சியஸ் ஆபத்தான சூடு. சோதனைக்கூடத்தில் அதை 24, 25 டிகிரியில் வளர்ப்பார்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், அதன் செல்கள் அன்றாட வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் முடுக்கிவிடும். திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பம் முடிந்து பங்குனி பிறந்தால் 37 டிகிரி என்பது யாரும் பேச்சுக்குக்கூட எடுக்காத வெயில். சித்திரையில் அதையும் தாண்டும். கடைவாசலில் கனிந்து தொங்கும் வாழைத்தாரை மொய்க்கும் சிற்றீக்களுக்கு இறக்கை இருக்கிறது, நிழல் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். வெயிலில் விழுந்து கிடக்கும் பழத்துக்குள் நெளியும் புழுவுக்கு ஒதுங்க இடமில்லை. அதன் ஒவ்வொரு செல்லும் சூட்டைத் தானேதான் சமாளித்தாக வேண்டும்.

அந்தச் சமாளிப்பைத்தான் செல் நெருக்கடி என்ற தலைப்பில் உயிரியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்தியாவில் இத்துறைக்குத் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் வாரணாசி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சுபாஷ் சந்திர லக்கோட்டியா. 1945 அக்டோபர் 4 அன்று இராஜஸ்தானின் சூரு நகரில் பிறந்தவர். அவர் ஆய்வின் மையம் பழ ஈயின் குரோமோசோமில் ஒரே ஓர் இடம். அதன் பெயர் 93டி.

பெயரின் கணக்கு எளியது. பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் பிரியாமலே மீண்டும் மீண்டும் இரட்டித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் ஒன்றாய்ச் சேர்ந்த வடம்போல் தடித்துக் கிடக்கும். சாதாரண நுண்ணோக்கியிலேயே குறுக்குப் பட்டைகள் தெரியும். கால்வின் பிரிட்ஜஸ் 1935இல் இந்தப் பட்டைகளை 102 பிரிவுகளாக எண்ணி, ஒவ்வொன்றையும் ஏ முதல் எஃப் வரை கூறுபோட்டு வரைபடம் தந்தார். மூன்றாம் குரோமோசோமின் வலக்கையில் 93ஆம் பிரிவின் டி கூறுதான் 93டி. ஒரு மரபணு மும்முரமாக ஆர்.என்.ஏ. எழுதும்போது அந்த இடத்து இழைகள் தளர்ந்து, பட்டை ஊதிப் பெருக்கும். இதற்குச் சோதனைக்கூடத்தில் 'பஃப்' என்று பெயர். தமிழில் புடைப்பு எனலாம். எந்த மரபணு விழித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் வசதி வேறு உயிரிகளில் அரிது.

இந்த வசதிதான் செல் நெருக்கடி ஆய்வுக்கே வாசல் திறந்தது. நேப்பிள்ஸில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலிய ஆய்வாளர் புழுக்களின் சுரப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழக்கத்தில் இல்லாத புடைப்புகள் தென்பட்டன. காரணம் தேடியபோது, உடன் வேலை செய்தவர் அடைகாப்புப் பெட்டியின் சூட்டைக் கூட்டிவைத்திருந்தது தெரிந்தது. பெயர்பெற்ற இதழ் ஒன்று அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962இல் 'எக்ஸ்பீரியன்ஷியா'வில் வெளியாயிற்று. சூடு மட்டுமல்லாமல் டைநைட்ரோஃபீனால் போன்ற வேதிப்பொருள்களும் அதே புடைப்புகளை எழுப்பின என்பதையும் அவர் கண்டார். ஆகவே செல் உணர்வது வெறும் வெப்பத்தை மட்டும் அல்ல, தன் உள்நிலைமை கெடுவதை என்று புரிந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1974இல், அல்ஃபிரெட் திசியேரும் துணையாளர்களும் அந்தப் புடைப்புகளிலிருந்து உருவாகும் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற சொல் அங்கிருந்து புறப்பட்டது.

முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. சூட்டில் புரதங்களின் மடிப்பு குலைந்து, உள்ளே மறைந்திருந்த நீரை ஒவ்வாத பகுதிகள் வெளிப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. உயிருள்ள செல்லுக்குள் அவ்வளவு தூரம் போகவிட முடியாது. எச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குலையத் தொடங்கிய புரதத்தைப் பற்றிக்கொண்டு, ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு விடுவித்து, மறுபடி மடிய இடம் தருகின்றன. நெருக்கடியில் இவற்றை அவசரமாக உண்டாக்குவது செல்லின் முதல் வேலை. பழ ஈயில் எச்.எஸ்.பி.70 மரபணுவின் நகல்கள் 87ஏ, 87சி என்ற இரண்டு அண்டை இடங்களில் இருக்கின்றன, எச்.எஸ்.பி.83 63பிசி-யில், சிறு புரதங்களுக்கானவை 67பி-யில். பழ ஈ சூடுபட்டதும் எழும் ஒன்பது புடைப்புகளில் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு, மிகப் பெரிதாகப் புடைப்பவற்றுள் ஒன்றான 93டி-யில் மட்டும் கணக்கு உதைத்தது.

லக்கோட்டியா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி சூடு அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், பாலிகஞ்ச் சர்க்குலர் சாலைக் கட்டடத்தில், ஏ. எஸ். முகர்ஜியிடம் முனைவர் பட்டத்துக்கு உழைத்தபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பாலினம் பற்றியது. பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. அப்படியிருந்தும் இருவரிடமும் எக்ஸ் மரபணுக்களின் விளைச்சல் சமம். பாலூட்டிகளில் பெண்ணின் ஓர் எக்ஸ் மூடப்படுகிறது என்று மேரி லயன் 1961இல் சொல்லியிருந்தார். பழ ஈயிலோ ஆணின் ஒற்றை எக்ஸ் இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று முகர்ஜியும் டூபிங்கனின் வொல்ஃப்காங் பீர்மானும் 1965இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். இந்தச் சரிக்கட்டலை ஒவ்வொரு செல்லும் தானாகவே நடத்திக்கொள்கிறது என்பது 1969இல் லக்கோட்டியாவும் முகர்ஜியும் வெளியிட்ட கட்டுரையின் முடிவு.

வேலை நடந்த விதம் இன்றைய மாணவர்களுக்குப் புராணக் கதைபோல் இருக்கும். புழுவின் தலையை இரண்டு ஊசிகளால் இழுத்துச் சுரப்பியை வெளியே எடுக்க வேண்டும். அதைக் கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய யூரிடினில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மேலே புகைப்படப் பூச்சு ஊற்றி இருட்டில் மூடிவைக்க வேண்டும். நாள்கணக்கில் காத்திருந்து பூச்சைக் கழுவினால், எங்கெல்லாம் புது ஆர்.என்.ஏ. உருவானதோ அங்கெல்லாம் வெள்ளித் துகள்கள் கருப்பாய் விழுந்திருக்கும். பிறகு நுண்ணோக்கியில் ஒவ்வொரு துகளாக எண்ண வேண்டும்.

இப்படி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான் பென்சமைடு என்ற எளிய வேதிப்பொருளைச் சுரப்பிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரோமோசோம்கள் எங்கும் ஆர்.என்.ஏ. உற்பத்தி படுத்துவிட்டது. ஒரே ஓர் இடம் மட்டும் எதிர்த்திசையில் ஊதிப் பெருத்தது. அது 93டி. மற்ற வெப்ப அதிர்ச்சிப் புடைப்புகளில் ஒன்றுகூட அசையவில்லை. இந்தக் குறிப்பு 1970இல் 'டிரோசோஃபிலா இன்ஃபர்மேஷன் சர்வீஸ்' என்ற, பழ ஈ ஆய்வாளர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொள்ளும் வெளியீட்டில் மிகச் சிறிய இடத்தில் வந்தது. பெரிய இதழ்களில் பெரிதாக வந்த பல முடிவுகளைவிட அந்தச் சிறு குறிப்பு நீண்ட நாள் வாழ்ந்தது. கூட்டமாக விழிக்கும் மரபணுக்களில் ஒன்றை மட்டும் தனியே தட்டி எழுப்ப ஒரு சாவி கிடைத்ததுதான் அதன் மதிப்பு.

பர்த்வான், குஜராத் பல்கலைக்கழகங்களில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, 1976இல் லக்கோட்டியா பனாரஸுக்கு வந்தார். அங்கே விலங்கியல் துறையை வளர்த்தவர் எச். ஜே. முல்லரிடம் எடின்பரோவில் பயின்ற எஸ். பி. ராய்சௌத்ரி; குரோமோசோம் ஆய்வுக்கு மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. பழ ஈ ஆய்வு பணம் பெரிதாகக் கேட்காது என்பதும் ஒரு வசதி. சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் கிண்டிய கூழும் பஞ்சடைத்த குப்பிகளும் நல்ல நுண்ணோக்கியும் போதும். கேட்பது குளிர்ச்சியை. 30 டிகிரியைத் தாண்டினாலே ஆண் ஈ மலடாகிவிடும். கோடையில் மின்சாரம் நின்றுபோனால், வடஇந்தியச் சோதனைக்கூடமானாலும் செட்டிநாட்டுக் கல்லூரியானாலும், ஈ வளர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான். சூட்டின் விளைவை ஆராய்கிறவரையே சூடு வந்து முந்திக்கொள்ளும்.

பனாரஸில் எழுந்த கேள்வி இது: 93டி எழாமல் போனால் என்ன ஆகும்? சூட்டையும் பென்சமைடையும் சேர்த்துக் கொடுத்தபோது 93டி புடைக்க மறுத்தது. அதோடு, எப்போதும் இரட்டையர்போல் ஒரே அளவில் புடைக்கும் 87ஏ-யும் 87சி-யும் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்தன. இரண்டிலும் இருப்பது ஒரே எச்.எஸ்.பி.70 மரபணு; சூடும் ஒரே சூடு. 93டி அவற்றின் நடத்தையில் எங்கோ கை வைக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. 93டி இடம் வெட்டுப்பட்டுப்போன ஈக்கள் பெரும்பாலும் வளர்ச்சியிலேயே மடிந்தன, தப்பியவை நலிந்து சூடு தாங்காமல் கிடந்தன என்பது 1980களில் அமெரிக்காவில் மேரி லூ பார்டியூவின் கூடத்தில் வெளியான செய்தி. உயிர்வாழ இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவைப்படுவது எது? அதன் புரதம் எங்கே?

மூலக்கூறு உயிரியல் வந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தபோது விடை வந்தது: புரதமே இல்லை. எச்.எஸ்.ஆர். ஒமேகா என்று பெயரிடப்பட்ட இந்த மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்.என்.ஏ.க்களை எழுதுகிறது. பத்தாயிரம் எழுத்துக்கும் மேல் நீண்ட ஒன்று உட்கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. அதன் வால் முழுவதும் 280 எழுத்துள்ள ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. சுமார் 1,200 எழுத்துள்ள சிறியது சைட்டோபிளாசத்துக்குப் போகிறது. அதில் இருபத்துச் சொச்சம் அமினோ அமிலத்துக்கான துணுக்கு உண்டு, புரதம் என்று சொல்லும் அளவில் எதுவும் இல்லை. இன்னொரு விந்தை: பழ ஈயின் பல இனங்களை ஒப்பிட்டால் இந்த மரபணுவின் எழுத்துகள் வேகமாக மாறிப்போயிருக்கின்றன, கட்டமைப்பு மட்டும் மாறவில்லை. சொற்கள் மாறினாலும் சந்தம் மாறாத கும்மிப்பாட்டுபோல.

அன்றைய மனநிலையில் இது ஒரு மரபணுவுக்குக் கேடான செய்தி. புரதம் தராத டி.என்.ஏ. குப்பை என்று பேசப்பட்ட காலம் அது. வெப்ப அதிர்ச்சித் துறையின் கவனமும் பணமும் எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.90 போன்ற புரதங்கள் பக்கம் போயின. அதில் தவறும் இல்லை. அங்கே கிடைத்தவை பெரிய முடிவுகள். லக்கோட்டியா 93டி-யை விடவில்லை என்பதில்தான் அவருடைய ஆய்வு வாழ்க்கையின் தனித்தன்மை இருக்கிறது. ஆர்.என்.ஏ.யே நேரடியாக வேலை செய்யும் என்ற எண்ணம், உலகம் 'நீண்ட குறியிலா ஆர்.என்.ஏ.' என்று அதற்குப் பெயர் வைத்துக் கொண்டாடத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, அவருடைய கூடத்தில் அன்றாடப் பேச்சாக இருந்தது.

தாமதித்த விடை 2000இல் வந்தது. கே. வி. பிரசாந்த், டி. கே. ராஜேந்திரா உள்ளிட்ட மாணவர்களுடன் லக்கோட்டியா 'ஜர்னல் ஆஃப் செல் சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, அந்த நீண்ட ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் எங்கே இருக்கிறது என்று ஒளிரும் சாயத்தால் தேடியது. குரோமோசோம்களுக்கு இடையிலான வெளியில் பொட்டுப் பொட்டாய் அது சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு பொட்டிலும் அதனோடு ஒட்டி எச்.என்.ஆர்.என்.பி. என்ற புரதங்கள் இருந்தன. இவற்றுக்கு ஒமேகா புள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள்.

எச்.என்.ஆர்.என்.பி. புரதங்கள் செய்வது பதிப்பாசிரியர் வேலை. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.யில் தேவையற்ற பகுதிகளை வெட்டி ஒட்டுவதிலும், அதைக் கட்டிப் பத்திரமாக அனுப்புவதிலும் அவை பங்குகொள்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் அவை உட்கருவில் சும்மா அலைந்தால் கண்ட இடத்தில் கைவைக்கும். ஒமேகா ஆர்.என்.ஏ. அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு தேவைக்கு விடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்கான அண்டாவும் தட்டும் கணக்கெழுதி உள்ளறையில் பூட்டப்பட்டு, கல்யாணத்துக்கு வெளியே வந்து, எண்ணிப் பார்த்து மறுபடி உள்ளே போவதுபோல.

சூடு ஏறினால் காட்சி மாறுகிறது. சிதறிய புள்ளிகள் மறைகின்றன. புதிதாக எழுதப்படும் ஏராளமான ஒமேகா ஆர்.என்.ஏ.யோடு எச்.என்.ஆர்.என்.பி. புரதங்கள் எல்லாம் 93டி என்ற ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. கடும் சூட்டில் ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் வேலை செல்லில் தடைப்படுகிறது என்று ஜோசப் யோஸ்டும் சூசன் லிண்ட்குவிஸ்டும் 1986இல் காட்டியிருந்தார்கள். எச்.எஸ்.பி.70 மரபணுவில் வெட்டி எறியவேண்டிய இடைப்பகுதியே கிடையாது. அதனால்தான் அந்த நேரத்திலும் அதன் செய்தி தடையின்றி வெளியே போகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 93டி-யின் பங்கு துலங்குகிறது: நெருக்கடியில் சில புரதங்களை உண்டாக்குவது ஒரு பாதி, வேறு சிலவற்றைக் கைகட்டி உட்காரவைப்பது மறுபாதி. முதல் பாதியை உலகம் முழுதும் படித்தது. இரண்டாம் பாதியின் முதல் பக்கங்கள் பெரிதும் பனாரஸில் எழுதப்பட்டன.

மனித செல்லிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. சூடுபட்ட மனித செல்லில் 9ஆம் குரோமோசோமின் மையத்தருகே, வழக்கமாக ஊமையாய்க் கிடக்கும் மூன்றாம் சாட்டிலைட் என்ற திரும்பவரும் டி.என்.ஏ. திடீரென்று ஆர்.என்.ஏ. எழுதுகிறது, அதைச் சுற்றி ஆர்.என்.ஏ.யைப் பதப்படுத்தும் புரதங்கள் கூடுகின்றன. பிரான்சின் கரோலின் ஜாலியுடன் சேர்ந்து லக்கோட்டியா 2006இல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே உத்தி என்று வாதிட்டார். எழுத்தொற்றுமை எதுவும் இல்லாத இரண்டு ஆர்.என்.ஏ.க்கள், பல கோடி ஆண்டு முன்பு பிரிந்த இரண்டு உயிரிகளில் ஒரே வேலைக்கு வந்து நிற்கின்றன. இத்தாலியின் பலெர்மோவில் டேவிடே கொரோனா குழுவுடன் 2011இல் வந்த கட்டுரை, ஒமேகா புள்ளிகள் சரியாக அமைய ஐ.எஸ்.டபிள்யூ.ஐ. என்ற குரோமாட்டின் மாற்றியமைக்கும் புரதமும் வேண்டும் என்று சேர்த்தது.

93டி-க்கு வெளியேயும் இக்கூடத்தின் பங்களிப்பு உண்டு. எல்லாத் திசுக்களும் சூட்டுக்கு ஒரே மாதிரி விடையளிக்கும் என்ற பாடநூல் எண்ணத்தை மால்பிஜியன் குழல்கள் குலைத்தன. பூச்சியின் சிறுநீரகம் என்று சொல்லத்தக்க இக்குழல்கள், சூடுபட்டதும் மற்ற திசுக்களைப்போல் எச்.எஸ்.பி.70 உண்டாக்காமல், எச்.எஸ்.பி.60 குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தைக் கூட்டுகின்றன என்று லக்கோட்டியாவும் பி. என். சிங்கும் 1996இல் எழுதினார்கள். எச்.எஸ்.பி.60டி, செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வில் பங்கேற்கிறது என்பது பின்னால் வந்தது.

நரம்பு நோய்களுக்கு இந்தப் பாதை திரும்பியது இயல்பானதே. ஹன்டிங்டன் நோயில் ஒரு புரதத்தில் குளூட்டமைன் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மீறி நீண்டு, புரதம் கட்டியாகித் திரள்கிறது. அதே நீண்ட சங்கிலியை ஈயின் கண்ணில் உண்டாக்கினால், தேன்கூட்டின் அறைகள்போல் ஒழுங்காக அடுக்கிய நூற்றுக்கணக்கான சிறுகண்கள் குழைந்து, வழுவழுப்பான திட்டாகிவிடும். எச்.எஸ்.ஆர். ஒமேகா ஆர்.என்.ஏ. மிகுந்தால் சேதம் கூடியது (சென்குப்தாவுடன், 2006), ஆர்.என்.ஏ. இடையீட்டால் அதைக் குறைத்தால் கண் பெருமளவு தேறியது (மல்லிக்குடன், சில ஆண்டு கழித்து). நெருக்கடியில் காக்கும் ஆர்.என்.ஏ.யே நாள்பட்ட நெருக்கடியில் கெடுதலாகலாம் என்பது இதில் தெரிகிற முரண். ஈயின் கண்ணிலிருந்து மனித மூளைக்கு உள்ள தூரம் அதிகம் என்பதையும் இங்கே மறக்கக்கூடாது.

அதே எச்சரிக்கை ஆயுர்வேத ஆய்வுகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் முன்னெடுத்த ஆயுர்வேத உயிரியல் திட்டத்தில் லக்கோட்டியாவின் குழு, கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலை தந்த ஆமலகி இரசாயனத்தையும் (நெல்லிக்காய் அடிப்படையிலானது) இரச சிந்தூரத்தையும் (பாதரசச் சேர்மம்) ஈ உணவில் கலந்து கொடுத்தது. 2012இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த முடிவின்படி, ஆமலகி உண்ட ஈக்களின் ஆயுளும் பட்டினி தாங்கும் திறனும் கூடின; இரச சிந்தூரத்தில் அந்தப் பலன் இல்லை. மறு ஆண்டின் கட்டுரை, ஈயில் உண்டாக்கிய நரம்பழிவை இவை மட்டுப்படுத்தியதாகச் சொன்னது. கட்டுப்பாடான முறையில் மரபுமருந்தைச் சோதித்தது பாராட்டத்தக்கது. அதை வைத்துப் பாதரச மருந்துக்கு மனிதர்களிடம் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

1989இல் சாந்தி சொரூப் பட்நாகர் விருது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளிலும் உறுப்பினர். 2011இல் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' இதழில் 93டி-யின் நாற்பது ஆண்டுக் கதையை அவரே தொகுத்து எழுதினார். போலி இதழ்கள் பெருகுவதற்கு, கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஆசிரியர்களை மதிப்பிடும் விதிகளே காரணம் என்று 2017இல் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரே புடைப்பின் மேல் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவர் சொன்னபோது அந்தக் கண்டனத்துக்கு எடை கூடியது.

93டி-யின் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. அந்த ஆர்.என்.ஏ.யின் 280 எழுத்து வரிகள் ஒவ்வொரு புரதத்தையும் எப்படி அடையாளம் கண்டு பிடிக்கின்றன, சிறிய ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்தில் உண்மையில் என்ன செய்கிறது என்பவை ஆய்வில் இருக்கின்றன. தெளிவாகப் பார்க்க முடிவது மீட்சியை. சூடுபட்ட புழுவைத் திரும்ப 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 93டி-யில் குவிந்துகிடந்த எச்.என்.ஆர்.என்.பி. புரதங்கள் மெல்லப் பிரிகின்றன, புடைப்பு சுருங்குகிறது, உட்கருவெங்கும் ஒமேகா புள்ளிகள் ஒவ்வொன்றாக மறுபடி தோன்றுகின்றன.